காலிக் கிண்ணம் திரும்பாமை: ஓர் அடுக்குமாடி ஆய்வு

புதுவீட்டில் பால் காய்ச்சும் நாளன்றே அக்கம்பக்கத்தார் அறிமுகமாகிவிடுகிறார்கள் என்ற கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. களச் சான்றுகள் இதை ஆதரிக்கவில்லை. அன்று வருகிறவர்கள் நம்மைப் பார்ப்பதைவிட மாடுலர் கிச்சனைப் பார்ப்பதே அதிகம். "சொந்தமா, வாடகையா?", "எந்த ஊர்ப் பக்கம்?" என்ற இரு வினாக்களுக்கு நாம் தரும் விடை, லிஃப்டை முந்திக்கொண்டு மேல்மாடிக்குப் போய்ச் சேர்கிறது. அதற்குமேல் ஒன்றும் நிகழ்வதில்லை. ஆண்களின் அறிமுகம் கார் பார்க்கிங்கில், பெரும்பாலும் சண்டையாகத் தொடங்குவது. அது தனி ஆய்வுக்குரியது.

மெய்யான தொடக்கம் உறைமோர். வீடு மாறும்போது பீரோ வரும், கிரைண்டர் வரும், கால் ஆடும் ஸ்டூல்கூட வரும். உறைமோரை யாரும் லாரியில் ஏற்றுவதில்லை. காய்ச்சிய பால் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸுக்கு ஆறும் முதல் இரவில்தான் அதன் இன்மை தெரியவருகிறது. பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு ஏற்ற சூடு அது. தெருமுனைக் கடை மூடிவிட்டது; பாலோ மேலும் ஆறிக்கொண்டிருக்கிறது; கூச்சப்பட நேரமில்லை. எதிர்வீட்டு அழைப்புமணி முதன்முறையாக அடிக்கப்படுவது இப்படித்தான்.

"ஆன்ட்டி, ஒரு ஸ்பூன் உறைமோர் கிடைக்குமா?"

"விளக்கு வச்சப்புறம் மோர் குடுக்கக்கூடாதும்பாங்க..." என்று சொல்லிக்கொண்டே அவர் ஃப்ரிட்ஜைத் திறக்கிறார். "உள்ள வாம்மா, ஏன் வாசல்லயே நிக்கிற?"

விதியை நமக்கு நினைவூட்டிவிட்டு, நமக்காகவே அதை மீறுகிறார். கணக்கின் முதல் வரி எழுதியாயிற்று.

கிண்ணம் இப்போது நம் வீட்டில். அதைக் காலியாகத் திருப்பித் தருவது மரபன்று. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான தம் ஆய்வில், கொடைக்கு மூன்று கடமைகள் உண்டென்றார்: கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல். பண்டை இந்திய நூல்கள்வரை தேடிய அவர் கைக்கு எவர்சில்வர் கிண்ணம் எட்டவில்லை. எட்டியிருந்தால், கணக்கை ஒருபோதும் நேர்செய்யாமை என்று நான்காவதையும் சேர்த்திருப்பார். மோருக்கு இரண்டு வாழைப்பழம் போகும்; பழத்துக்கு வத்தக்குழம்பு வரும்; குழம்புக்கு எதை அனுப்புவது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் பேச்சு நடக்கும். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1922இல் விவரித்த ட்ரோப்ரியாண்ட் தீவுகளின் குலா பரிமாற்றத்தில், கழுத்தணிகள் ஒரு திசையிலும் சிப்பிக் கைவளைகள் எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் சுற்றும். எதையும் ஒருவரே நெடுநாள் வைத்துக்கொள்ளலாகாது. அவர்கள் கடல் கடக்க வேண்டியிருந்தது. நமக்கு நாலடி வராந்தா. தயக்கம் என்னவோ ஒரே அளவுதான்.

அண்மைக் காலமாக ஹோட்டல் பார்சல் டப்பாவில் பலகாரம் தரும் வழக்கம் பரவிவருகிறது. "டப்பாவைத் திருப்பித் தர வேணாம்" என்பது கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கும். என் மதிப்பீட்டில், இனி மணி அடிக்காதே என்பதை அதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

எவர்சில்வரில் பெயர் வெட்டியிருக்கும் என்பது இன்னொரு வசதி. மேற்படி கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக "எஸ்.கே." என்று பொறித்திருந்தது. ஆன்ட்டி வீட்டில் அந்த எழுத்துக்கு உரியவர் யாருமில்லை. விசாரித்தபோது, "அது உங்க வீட்ல முன்னாடி இருந்தவங்களோடது. தீபாவளிக்கு அதிரசம் குடுத்துவிட்டாங்க. நான் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

ஆக, எங்கள் வீட்டுக்கு வந்து சேரவேண்டிய கிண்ணம், எதிர்வீட்டுக் கடனாக எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. பொதுப் பகுதிகள் யாருக்குச் சொந்தம் என்பதற்கு 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் வழி உண்டு. பொதுக் கிண்ணத்தைப் பற்றி அது மூச்சு விடவில்லை. தீர்ப்பு வரும்வரை ஆன்ட்டி வீட்டிலேயே இருக்கட்டும் என்று, இரண்டு ரவா லட்டு வைத்து அனுப்பியாயிற்று.