உட்கார்ந்தே ஓடும் மாரத்தான்

கேள்வி: பின்னால் வெளியே இன்ஜினை மாட்டிய அவுட்போர்டு மோட்டார் படகில் மாரத்தான் பந்தயமாமே! ஓடுவது இன்ஜின், உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கஷ்டம்?

பதில்: உட்கார விட்டால்தானே! வேகமாகப் போகும் படகுக்குச் சிற்றலையும் வேகத்தடைதான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முதுகெலும்பு கணக்கு வைத்துக்கொள்ளும்.

பிரான்சின் ரூவான் நகரில் 1964இல் தொடங்கிய பந்தயம் 24 மணி நேரத்துக்கானது. சேன் நதியில் லாக்ருவா தீவைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். எங்கும் போய்ச் சேராத பயணம்! ஒரே ஆள் தாங்க மாட்டார் என்பதால் ஓட்டுநர்கள் முறைவைத்து மாறுவார்கள். கரையில் பெட்ரோல் நிரப்புவதும், அடிபட்ட புரொப்பெல்லரை மாற்றுவதும் மெக்கானிக்குகளின் தனிப் பந்தயம். நதி வழியே கடல் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் அங்கே நதி மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும். மிதந்து வரும் ஒரு மரக்கட்டை போதும், முன்னணிப் படகும் கரையில்தான்.

இதற்கெல்லாம் வழிசெய்தவர்களில் ஒருவர் நார்வேயில் பிறந்த அமெரிக்கர் ஓலே எவின்ரூட். துடுப்புப் போட்டு வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிப்போனதால்தான் அவருக்கு அவுட்போர்டு யோசனை வந்ததென்று கதை உண்டு. 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்ஜினின் சக்தி ஒன்றரைக் குதிரை. ஐஸ்கிரீமுக்கு அது போதும், பந்தயக்காரர்களுக்குப் போதவில்லை.

வேகம் கூடியதால் பாதுகாப்புக்காக, பந்தயப் படகில் ஓட்டுநரின் உடலோடு ஒரு கயிறு இணைந்திருக்கும். அவர் தூக்கி எறியப்பட்டால் அது இழுபட்டு இன்ஜினை நிறுத்திவிடும். ஆசையிருந்தால் கலந்துகொள்ளுங்கள், கயிற்றை மாட்டிய பிறகு.