கியர்பாக்ஸுக்குச் சூட்டு உடம்பு

எங்கள் பக்கத்தில் எந்த நோய்க்கும் மூலகாரணம் சூடு. கண் சிவந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, பையன் கணக்கில் ஃபெயிலானால் அதுவும் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காததால் தலைக்கேறிய சூடு. வைத்தியமும் கைவசம் உண்டு. நுங்கு, பதநீர், ஊறவைத்த வெந்தயம், எதற்கும் கேட்காவிட்டால் தாமிரபரணியில் முங்கிக் குளிப்பது. ஆகவே நான் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி ஒன்றை வாங்கிவந்து, இதன் கியர்பாக்ஸ் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன அன்றைக்கே, வண்டிக்குச் சூட்டு உடம்பு என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள்.

"குளுர வச்சாப் போதும்லா?" என்றாள் மனைவியின் ஆச்சி.

போதாது. சொல்லப்போனால் குளிர்ச்சியும் அதற்கு ஆகாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஓடும் எண்ணெய்க்கு 80-லிருந்து 95 டிகிரி வரைக்கும்தான் சுகம். அதற்குக் கீழே எண்ணெய் கெட்டியாக இருக்கும், கியர் யோசித்து யோசித்து விழும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். 120-ஐத் தாண்டினால் எண்ணெய் கருக ஆரம்பிக்கும், ரப்பர் சீல்கள் விறைத்துப்போகும். அளவுக்கு மேல் பத்துப் பத்து டிகிரி ஏற ஏற எண்ணெயின் ஆயுள் பாதி பாதியாகக் குறையும் என்பது தொழிலில் இருப்பவர்களின் தோராயக் கணக்கு.

சூட்டைத் தணிக்க கூலர் என்று ஒன்று இருக்கிறது. அது பல வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஓடும் தண்ணீரே ஏறக்குறைய 90 டிகிரி. இதைச் சொன்னதும் ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெந்நிக்குள்ள கெடந்தா எப்படிய்யா குளுரும்?" நியாயமான கேள்விதான். காலையில் ஆறிக் கிடக்கும் எண்ணெயைச் சூடேற்றுவதும் அந்தத் தண்ணீர்தான், மத்தியானம் கொதிக்கிற எண்ணெயை இறக்குவதும் அதே தண்ணீர்தான். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட ஆச்சி வெந்நி விளாவுகிற மாதிரி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படிச் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

இன்னொரு விஷயத்தை மட்டும் கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கியர்பாக்ஸ் சூடாவதற்கு அக்னி நட்சத்திரம் பெரிய காரணமே இல்லை. 90 டிகிரியில் இருக்கிற எண்ணெய்க்கு நம்மூர் 40 டிகிரி வெயில் குற்றாலச் சாரல். அதைக் கெடுப்பது வெயில் அல்ல, ஊர்வது.

காரணம் டார்க் கன்வெர்ட்டர் என்கிற சாமான். கிளட்ச்சுக்குப் பதில் உட்கார்ந்திருப்பது அதுதான். உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு சக்கரங்கள். ஒன்றை எஞ்சின் சுற்றுகிறது. அது வீசும் எண்ணெயின் வேகத்தில் மற்றது சுற்றுகிறது. ஹெர்மன் ஃபட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-ல் காப்புரிமை வாங்கியது. கப்பலில் நீராவி டர்பைனையும் அடியில் சுழலும் விசிறியையும் இணைக்க அவர் யோசித்த ஏற்பாடு அது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் தொந்தரவில்லை. ஒன்று ஓட, மற்றது பின்தங்கினால் அந்த வித்தியாசம் முழுக்க எண்ணெயில் சூடாக இறங்கும். நல்ல வேகம் எடுத்ததும் லாக்கப் கிளட்ச் என்று ஒன்று விழுந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், சூடும் தணியும். அதாவது இந்த வண்டி ஓடினால் ஆறும், ஊர்ந்தால் காயும்.

இதை என் மாமனாரிடம் விளக்கிப் பார்த்தேன். மாமா கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அந்தப் பெயரை 1997-லேயே அரசாங்கம் எடுத்துவிட்டது, மாமா எடுக்கவில்லை. இடது காலுக்கு வேலையில்லாத வண்டியை அவர் வண்டி என்றே மதிப்பதில்லை. "அப்ப எஞ்சினுக்கும் வீலுக்கும் நடுவுல இரும்பே கெடையாதா மாப்பிள்ளை? எண்ணெய நம்பித்தான் ஏறி உக்காந்திருக்கோமா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு வண்டியில் ஏறாமல் டவுன் பஸ்ஸில் போனார்.

பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறார். "நம்ம வண்டி சூடே ஆவாது அண்ணாச்சி" என்று காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகச் சொல்வார். ஆகாதுதான். அது ஏஎம்டி. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து நாடெங்கும் பரவிய வகை. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். மிதிக்கிற காலும் கியர் போடுகிற கையும் மட்டும் மெஷின். எண்ணெய் கொதிக்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திக்கொண்டே வண்டியை நிறுத்திவைத்தால் கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வரும், அவ்வளவுதான். அந்த வாசனையை அவர் முன்னால் போகும் லாரியின் கணக்கில் எழுதுவார்.

நானோ கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைக் காட்டும் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிவிட்டேன். சூடு செல்போனில் எண்ணாக ஓடும். அன்றோடு வண்டிக்குள் சினிமாப் பாட்டு நின்றது. பின்சீட்டிலிருந்து ஆச்சி நிமிஷத்துக்கொரு தரம் "இப்ப எத்தன?" என்பாள். 88 என்றால் திருப்தியாக வெற்றிலை மடிப்பாள். 97 என்றால் மடித்த வெற்றிலை கையிலேயே நிற்கும்.

இப்படியிருக்கையில்தான் சீவலப்பேரி சுடலைமாடனுக்குக் கிடா நேர்ச்சை வந்தது. சீவலப்பேரி என்றதும் சென்னை நண்பர்கள், 1994-ல் வந்த படத்தை நினைத்துக்கொண்டு, பாண்டியா என்று கேட்பார்கள். படித்தவர்கள் முக்கூடற்பள்ளு என்பார்கள். சிற்றாறு தாமிரபரணியில் வந்து விழுகிற இடம் அது. எங்கள் குடும்பத்துக்கு மாடன்தான். கைலாசத்து விளக்கின் சுடரில் பிறந்து சுடுகாட்டில் குடியிருக்கிறவர் என்று வில்லுப்பாட்டில் பாடுவார்கள். 120 டிகிரி, 130 டிகிரியெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாக இருக்காது என்பதை அன்று போகும்போது நான் நினைத்துப்பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து அரை மணி நேர ஓட்டம். மச்சினன் ஓட்டினான். வண்டியில் ஏழு பேர், மூன்று அண்டா, அரிசி மூட்டை. கிடா மட்டும் முன்னால் குட்டியானை வேனில். ஆச்சி போட்ட கண்டிஷன் ஒன்றுதான்: கிடா கண்ணை விட்டு மறையக் கூடாது. குட்டியானைக்காரரிடம் அவள் தனியாகப் போட்ட கண்டிஷன்: கிடா நோகாமல் வந்து சேர வேண்டும். அவர் வாக்குத் தவறாதவர். பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவேயில்லை. இரு பக்கமும் வயலும் வாழையும், முன்னால் கிடா காற்று வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நிற்கிறது, பின்னால் ஆறு கியர் உள்ள வண்டி இரண்டாவது கியருக்கும் முதல் கியருக்கும் நடுவில் தவிக்கிறது. லாக்கப் விழ வழியே இல்லை.

"எத்தன?"

"நூத்தி ரெண்டு, ஆச்சி."

"கெடாவ முந்தாத."

கோயிலை நெருங்கும்போது கூட்டம். ஆட்டோ, வேன், நடுரோட்டில் நின்று விபூதி பூசுகிறவர்கள். மச்சினன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதும் வைப்பதுமாக ஊர்ந்தான். 109. அங்கேயே ஓரங்கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். "ஆத்துப்பக்கம் நெழலு இருக்கு அத்தான்" என்று சொல்லிக்கொண்டே அவன் வலப்பக்கம் ஒடித்தான். தாமிரபரணியில் மணல் எங்கே மிச்சமிருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் முன்சக்கரங்களை முக்கால்வாசி முழுங்குமளவுக்கு இருந்தது.

மணலில் மாட்டிய ஆட்டோமேட்டிக்கை மிதிக்கவே கூடாது. சக்கரம் நகராமல் எஞ்சின் மட்டும் கத்தினால், கன்வெர்ட்டரின் ஒரு சக்கரம் பேயாகச் சுற்ற மற்றது அப்படியே நிற்கும்; எஞ்சினின் பலம் அத்தனையும் அடுப்பாக மாறி எண்ணெயில் இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் இதையே ஸ்டால் டெஸ்ட் என்று வேண்டுமென்று செய்து பார்ப்பது உண்டு. அதற்கும் ஐந்து விநாடிக்கு மேல் போகாதே என்று சர்வீஸ் புத்தகங்கள் எச்சரிக்கும். மச்சினன் அரை நிமிஷத்துக்கு மேல் மிதித்தான். செல்போனில் 118, 125, 131 என்று பெட்ரோல் பங்க் மீட்டர் வேகத்தில் எண் ஓடியது. 134-ல் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. ஆச்சி எத்தனை என்று கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

எல்லாரும் இறங்கித் தள்ள, வண்டி மேடேறியது. பிறகுதான் சண்டை.

"எஞ்சின அமத்துங்க மாப்பிள்ளை" என்றார் மாமா.

"அமத்தக் கூடாது மாமா."

இந்த இடத்தில் கையேடு என் பக்கம். கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, கியரைப் பி-க்குத் தள்ளி, எஞ்சினை ஓடவிட வேண்டும் என்றுதான் பல வண்டிகளின் கையேட்டிலும் போட்டிருக்கும். எண்ணெயைக் கூலருக்கு அனுப்பும் பம்ப்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் கொதித்த இடத்திலேயே தேங்கி நின்று வேகும். இது எனக்குத் தெரியும், கையேட்டுக்குத் தெரியும். சுற்றி நின்ற இருபது பேருக்கும் தெரியாது. கொதிக்கிற வண்டியை ஓடவிட்டுக் கைகட்டி நிற்கிறவனை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பானெட்டத் தொறந்து தண்ணிய ஊத்துங்கய்யா" என்றார் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அதற்குள் ஒருவர் குடத்தோடு ஆற்றுக்கு இறங்கிவிட்டார். "எங்க கட்டபொம்மன்ல..." என்று மாமா ஆரம்பித்தார். சாவியைக் கையில் பொத்திக்கொண்டு நான் டிரைவர் கதவில் சாய்ந்து நின்றேன். புஷ் பட்டன் வண்டியில் சாவியைப் பொத்துவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனால் பார்ப்பவர்களுக்கு மரியாதை வரும்.

முடித்துவைத்தது ஆச்சிதான். வெட்டுவதற்குமுன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் மாடன் உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். அந்தச் செம்பில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து ஆச்சி பானெட்டின் மேல் மூன்று கை தெளித்தாள். அந்த நேரம் பார்த்து ரேடியேட்டர் விசிறி முழுவேகம் பிடிக்க, வண்டி முழுசாக ஒரு குலுங்கு குலுங்கியது.

"சிலுப்பிட்டு!" என்றாள் ஆச்சி.

கூட்டம் கலைந்தது. உத்தரவு கிடைத்த பிறகு யாரும் வாதம் பண்ணுவதில்லை. பொங்கல் பொங்கி முடிவதற்குள் எண் 96-க்கு இறங்கிவிட்டது. எதற்கு உத்தரவு கிடைத்தது என்று வண்டி கேட்காததே பெரிய காரியம்.

அதற்குப் பிறகு எண்ணெயை மாற்றாமல் விடக் கூடாது. வாங்கிய இடத்தில் விசாரித்தேன். லைஃப் டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம் என்றார்கள். யாருடைய லைஃப் என்று சொல்லவில்லை. கியர்பாக்ஸ் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஜெர்மனியின் ஜெட்எஃப், தன் பெட்டிகளுக்கு 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஆகவே நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடமே போனோம். கூட மாமா. அவர் எண்ணெயைக் கடித்துப் பார்க்காத குறை.

பழையது தட்டில் இறங்கியது. புதிதில் குங்குமம் கரைத்த சிவப்பாக இருக்க வேண்டியது, கருப்பட்டிக் காப்பி நிறத்தில். ஒழுகினால் எஞ்சின் ஆயில் இல்லை என்று கண்டுபிடிப்பதற்காகவே சிவப்புச் சாயம் கலக்கிறார்கள் என்று மெக்கானிக் சொன்னார். என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லிவைத்தேன். 1970-களின் தொடக்கம் வரைக்கும் அமெரிக்காவில் இந்த எண்ணெயில் திமிங்கல எண்ணெய் கலந்தார்கள். சூட்டைத் தாங்கும், கிளட்ச் வழுக்காமல் பதமாகப் பிடிக்க உதவும். 1973-ல் அழியும் உயிரினங்களைக் காக்கச் சட்டம் வந்தபோது, எண்ணெய்க் கம்பெனிகள் ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மாற்றுத் தேடி அலைந்தன. தூத்துக்குடிப் பக்கம் அம்பர் கடத்தி மாட்டுகிறார்களே, அந்த அம்பரைத் தருவதும் இதே திமிங்கலம்தான். மாமா உம் கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

புது எண்ணெய் ஊற்றியாயிற்று. அளவு பார்க்க வேண்டும். இதற்கு டிப் ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியிலுள்ள பிளக்கைத் திறந்தால், மிஞ்சியது வழிந்து சரியான அளவு நிற்கும். சூட்டில் எண்ணெய் உப்புமாகையால் இந்தக் கட்டுப்பாடு. பல வண்டிகளுக்கு 35-லிருந்து 45 டிகிரிக்குள். குளிர்நாட்டில் இது சின்ன வேலை. பாளையங்கோட்டையில் மே மாதம், தகரக் கொட்டகைக்குள், வண்டியைத் தொடாமலே எண்ணெய் 41. ஸ்டார்ட் பண்ணிக் கியர்களை ஒரு சுற்றுப் போட்டுவிட்டு அடியில் படுப்பதற்குள் 49. ஆறட்டும் என்று விட்டால் ஆறவில்லை, சாயங்காலமும் 43.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாங்க அண்ணாச்சி" என்றார் மெக்கானிக்.

மறுநாள் இருட்டில் போனோம். எண்ணெய் 31-ல் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, மாமாவே போனைக் கையில் பிடித்து, டிக்கெட் கூப்பிடுகிற குரலில் எண் படித்தார். "முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தெட்டு, தொறல!" பிளக் திறந்தது. சிவப்பாக ஒரு ஓட்டம், பிறகு நூலாக, பிறகு சொட்டுச் சொட்டாக. பிளக்கை முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தபடி மெக்கானிக் பில்லை நீட்டினார்.

மாமா வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எண்ணெய்க்கு லிட்டர் என்ன விலை போட்டிருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, அந்தச் சட்டம் அமெரிக்காவுல மட்டுந்தானா? இவனுக இன்னும் திமிங்கலத்தத்தான் பிழியுதானுவளோ?"