நூறு சதவீத சார்

கல்லூரியில் முதல்வர் இருக்கிறார், நூலகர் இருக்கிறார், பஸ் டிரைவர் இருக்கிறார். யாருக்கு என்ன வேலை என்பதில் குழப்பமே கிடையாது. பிளேஸ்மென்ட் ஆபீசர் பாடுதான் திண்டாட்டம். அவர் வாங்கித் தர வேண்டிய சரக்கு அவர் கைவசம் இல்லை. வேலை கம்பெனியிடம் இருக்கிறது. படிப்பு மாணவனிடம் இருப்பதாக நம்பப்படுகிறது. இவரிடம் இருப்பது ஒரு செல்போன். அதை வைத்துக்கொண்டு மனிதர் மூன்று தரப்பையும் சமாளிக்கிறார்.

அப்படி ஒருவர் திருவனந்தபுரத்தில் எங்கள் ஆரியசாலையில் குடியிருக்கிறார். பெயரா முக்கியம்? பால்காரரிலிருந்து சுமைதூக்குபவர் வரை எல்லாருக்கும் அவர் 'பிளேஸ்மென்ட் சார்'. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம். பிள்ளை எம்.பி.ஏ. முடித்து, கழக்கூட்டம் தாண்டி ஒரு சுயநிதி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். இந்தக் கடைத்தெருவிலேயே பாத்திரக் கடை வைத்திருந்தவர் ஆ. மாதவன். 2015-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர். கடைத்தெருவில் நடமாடிய மனிதர்களையெல்லாம் கதைக்குள் கொண்டுவந்தவர் கண்ணுக்கு நம்ம சார் எப்படியோ தப்பிவிட்டார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது.

சாருக்குப் பொழுது விடிவது வாட்ஸப்பில். இறுதியாண்டு மாணவர்களுக்கென்று ஒரு குழு. அட்மின் மட்டுமே பேசலாம் என்று பூட்டியிருக்கிறார். 'குட் மார்னிங் சாம்பியன்ஸ்!' என்று ஒரு சூரியகாந்திப் பூ முதலில் வரும். பின்னாலேயே வேலை விளம்பரங்கள் சாரை சாரையாக வரும். ஒன்றில் புதியவர்கள் தேவை, மூன்று வருட அனுபவம் கட்டாயம் என்றிருக்கும். இன்னொன்றில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன செவ்வாய்க்கிழமை. மூன்றாவதில் கம்பெனி பெயர் இருக்காது, ஒரு ஜிமெயில் முகவரி மட்டும் இருக்கும். கடைசியில் 'ஆல் தி பெஸ்ட்'. மாணவர்கள் அந்தக் குழுவை மியூட்டில் போட்டு வருஷமாகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சார் நீல டிக்கை எண்ணுவார். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று அவர் எண்ணி நான் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு போஸ்டர் வேலை ஆரம்பம். நீலப் பின்னணி, தங்க நிற எழுத்து, மேலிருந்து கொட்டும் வண்ணக் காகிதங்கள், நடுவில் ஒரு மாணவி, மூலையில் கம்பெனி முத்திரை. கல்லூரித் தலைவரின் படம் மட்டும் மாணவியின் படத்தைவிட ஒரு சுற்று பெரிது. போன மாதம் இன்ஸ்டாகிராமில் அடுத்தடுத்து மூன்று போஸ்டர். மூன்றிலும் அதே பெண், அதே சிரிப்பு, வேறு வேறு கம்பெனி. பக்கத்துக் கடை அண்ணாச்சி போனை வாங்கிப் பார்த்தார்.

"சாரே, இந்தப் பிள்ளைக்கு மூணு சோலியா? மூணு எடத்துலயும் எப்படி இருந்து பாக்கும்?"

"ஒரு எடத்துலதான் சேரும் அண்ணாச்சி. ஆனா ஆஃபர் மூணும் கணக்குல வரும்."

"அப்போ நானும் ஒரு மூட்ட அரிசிய மூணு பேருக்கு வித்ததா எழுதிக்கிடலாமா?"

சார் சிரித்துவிட்டு அந்த உரையாடலையும் ஸ்டேட்டஸில் போட்டார், 'உள்ளூர் வியாபாரிகளுடன் கருத்துப் பரிமாற்றம்' என்று.

மாலையில் லிங்க்ட்இன். அங்கே சார் தமிழும் பேசுவதில்லை, மலையாளமும் பேசுவதில்லை. அங்கே எதைச் செய்தாலும் பெருமையும் பணிவும் ஒரே வரியில் வந்தாக வேண்டும். ஒரு கம்பெனி அதிகாரி கல்லூரிக்கு வந்து கேன்டீனில் பழம்பொரி தின்றுவிட்டுப் போனால், தொழில்துறை – கல்வித்துறை இடைவெளியை நிரப்பிய பொன்னாள் என்று பதிவு வரும். பழம்பொரி தின்றவர் யாரையாவது வேலைக்கு எடுத்தாரா என்பது பதிவில் இருக்காது.

நவராத்திரிக்குச் சாமியையும் விடமாட்டார். பத்மநாபபுரம் சரஸ்வதி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரசுவாமி மூவரும் அன்றைய திருவிதாங்கூர் வழக்கப்படி குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். குமாரசுவாமி தங்குவது எங்கள் ஆரியசாலைக் கோயிலில். ஊரே கும்பிட்டு நிற்கையில் சார் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். ஒரு வருஷம் அன்றிரவே பதிவு வந்தது: 'இடமாற்றம் பற்றி வேளிமலை முருகனிடம் நான் கற்ற ஐந்து பாடங்கள்.' முருகனுக்கு வருஷா வருஷம் இங்கே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாவம், சாருடைய பையன்களுக்குத்தான் எங்கேயும் ஒதுக்கக் காணோம்.

முழுப் பழியையும் சார் தலையில் கட்டுவது நியாயமில்லை. நிர்வாகம் அட்மிஷனுக்கு முன் ஒரு எண் கேட்கிறது. 2016 முதல் வெளியாகும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வந்தாலும் இதே கேள்விதான். பெற்றோரோ நோட்டீஸில் 'நூறு சதவீதம்' என்று பார்த்தால்தான் பீஸ் கவுண்டர் பக்கம் திரும்புகிறார்கள். ஆகவே நூறு சதவீதம் தயாரிக்கப்படுகிறது. செய்முறை எளிது. 120 பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரியர் உள்ளவர்களைக் கழித்தால் 60. மேற்படிப்பு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை, வெளிநாடு என்று சொன்னவர்களை 'விருப்பமில்லாதவர்கள்' என்று கழித்தால் 40. அந்த 40 பேருக்கும் வேலை. நூற்றுக்கு நூறு! மிச்சம் 80 பேர் எங்கே என்றால், அவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள், கணக்கில் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். எல்லாச் சமயமும் அப்படிப் போய்விடுவதில்லை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது: தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் செய்து, படித்த இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திப் போய் இணைய மோசடி செய்யவைக்கிறார்கள் என்று. சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். அந்த விளம்பரங்களும் 'வந்ததை அனுப்புகிறேன், விசாரித்துக்கொள்ளவும்' என்ற ஒற்றை வரியோடு கை மாறும் ரகம்தான். விசாரிக்க வேண்டியவர் யார்? சம்பளம் வாங்கும் சாரா, இருபத்தொரு வயசுப் பையனா?

சாரின் அப்பா காலத்தில் சாலைக் கடைகளுக்கு ஆள் வந்தது நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து. கடிதம்கூட வேண்டாம். "பய எங்க ஊரு, கை சுத்தம், கணக்கு வரும்" என்று ஓர் அண்ணாச்சி வாயால் சொன்னால் மறுநாள் பையன் கல்லாப் பக்கம் நிற்பான். சொன்னவர் லேசில் சொல்லமாட்டார். பையன் கை வைத்தால் கெட்டுப்போவது சொன்னவர் பெயர். அதில் சாதியும் ஊர்ப்பாசமும் கலந்திருந்தது, ஊர் தெரியாத பையனுக்குக் கதவு திறக்கவில்லை. அது பெரிய குறைதான். ஆனால் சிபாரிசு செய்தவருக்குப் பையனைத் தெரிந்திருந்தது.

சாருக்கும் அந்த வித்தை தெரியாமல் இல்லை. ஒருநாள் இரவு கடைத்திண்ணையில் உட்கார்ந்து டெக்னோபார்க்கில் இருக்கும் பழைய மாணவி ஒருத்திக்கு ஒரு பையனைப் பற்றித் தனிச் செய்தி அனுப்பினார். 'இவனுக்கு ஆங்கிலம் திக்கும். ஆனால் புரொக்ராம் எழுதினால் ராத்திரி தூங்கமாட்டான். ஒரு தடவை பேசிப் பார்.' இவ்வளவுதான். லைக் ஒன்றுகூட விழவில்லை. அடுத்த வாரம் பையனை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், எடுத்தும் கொண்டார்கள். பிறகு சார் வழக்கம்போல் தலைவர் படத்தோடு போஸ்டர் போட்டார். அதில் அந்தத் தனிச் செய்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சமூக வலைத்தளத்தால் வேலை கிடைக்காது என்று யார் சொன்னது? கிடைக்கும். போஸ்டரால் அல்ல, பையனைத் தெரிந்த ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் அந்த நாலு வரியால். சார், நாளைக்கு ஒரு போஸ்டரைக் குறைத்து ஒரு செய்தியைக் கூட்டுங்கள். பெற்றோரே, அட்மிஷனுக்குப் போகும்போது எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பீஸ் கட்டுங்கள்.