கரண்டி பெண், முள்கரண்டி ஆண்: ஸ்பானியப் பால்பகுப்பு பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஸ்பானியப் பெயர்ச்சொற்களுக்கு அஃறிணை கிடையாது. நாற்காலி முதல் நம்பிக்கை வரை எல்லாமே ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தாக வேண்டும். ஆண்பால் ஒருமைக்கு முன் ‘எல்’, பெண்பால் ஒருமைக்கு முன் ‘லா’ வரும். பன்மையில் அவை முறையே ‘லோஸ்’, ‘லாஸ்’ ஆகும். தமிழிலோ, தொல்காப்பியத்தின்படி, உயிரற்ற பொருளுக்கு ஒன்றன்பாலா பலவின்பாலா என்பது மட்டுமே கேள்வி. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த மேசையும் அலமாரியும்கூடத் தம் பாலைக் கப்பலிலேயே விட்டுவிட்டுத்தான் தமிழில் கரையேறின. ஸ்பானிய வீட்டில் மேசை இன்றும் பெண், அலமாரி இன்றும் ஆண்.

2. வரலாறு

ஸ்பானியத்தின் தாய்மொழியான இலத்தீனில் ஆண், பெண் என்னும் இரண்டுடன் நடுப்பாலும் இருந்தது. பேச்சுவழக்கில் அது தேய்ந்து மறைந்தபோது அதன் குடிமக்களில் பெரும்பாலோர் ஆண்பாலில் குடியேற்றப்பட்டனர். திராட்சை மதுவாகிய ‘வீனோ’ அவ்வாறு ஆணானது. இலைகளுக்கு நேர்ந்தது வேறு. ‘ஃபோலியா’ என்னும் நடுப்பால் பன்மை, ‘ஆ’ என்று முடிந்த ஒரே குற்றத்துக்காகப் பெண்பால் ஒருமையாகப் பதிவாயிற்று. 1492இல் அந்தோனியோ தெ நெப்ரிஹா காஸ்தில்ய மொழிக்கு, அதாவது ஸ்பானியத்துக்கு, இலக்கணம் வெளியிடுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் குடியேற்றம் முடிந்துவிட்டது.

3. கள ஆய்வு

சாப்பாட்டு மேசையில் தட்டு ஆண், கோப்பை பெண். கரண்டி பெண்; கத்தியும் முள்கரண்டியும் ஆண். கூர்மையே ஆண்மை என்னும் கருதுகோள் இங்கே எழுவது இயல்பு. ஊசியும் வாளும் பெண்பால் என்று தெரியவந்ததும் அது கைவிடப்படுகிறது.

அணிபவரின் பாலே ஆடையின் பால் என்னும் இரண்டாம் கருதுகோள் துணி அலமாரியைத் திறந்ததும் வீழ்கிறது. பெண்கள் அணியும் கவுன் ஆண்பால். ஆண்கள் கட்டும் டை பெண்பால். முகத்திலும் இதே நிலைதான்: மீசை ஆண், அதற்கு ஒரு விரற்கடை கீழே வளரும் தாடி பெண்.

ஆகவே பொருளைப் பார்த்துப் பயனில்லை; சொல்லின் ஈற்றைத்தான் பார்க்க வேண்டும். ‘ஓ’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண். ‘ஆ’ என்று முடிந்தால் பெரும்பாலும் பெண்.

4. விதிவிலக்குகள்

‘பெரும்பாலும்’ என்பதற்குள் அடங்காதவை பல. கை என்னும் ‘மானோ’ பெண்; நாள் என்னும் ‘தீயா’ ஆண். கிரேக்கத்திலிருந்து வந்து ‘மா’ என்று முடியும் சொற்கள் பல ஆண்பால். ‘ப்ரொப்லேமா’ அவற்றுள் ஒன்று. ‘சியோன்’ என்று முடிபவை பெண்பால். ‘சொலுசியோன்’ அவற்றுள் ஒன்று. ஆக, ஸ்பானிய மொழியில் சிக்கல் ஆண், தீர்வு பெண். இதிலிருந்து சமூகவியல் முடிவுகள் எடுப்பது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

தண்ணீர் தனி வழக்கு. ‘ஆகுவா’ பெண்பாலே. ஆனால் அழுத்தம் பெற்ற ‘ஆ’வில் தொடங்குவதால், ஒருமையில் ஆணுக்குரிய ‘எல்’ அதன் முன் நிற்கும். குளிர்ந்த நீர் என்னும்போது ‘குளிர்ந்த’ என்பது பெண்பாலில்தான் வரும். பன்மையில் ‘லாஸ்’ திரும்பிவிடும்.

5. பெயரடையின் கடமை

பெயரடை தான் தழுவும் பெயரின் பாலையும் எண்ணையும் ஏற்க வேண்டும். வெள்ளைத் தட்டு ‘பிளாங்கோ’, வெள்ளை மேசை ‘பிளாங்கா’. பன்மையில் இரண்டும் ‘ஸ்’ பெறும். இருபாலும் கலந்தால் ஆண்பாலே வெல்லும். கழுவி அடுக்கிய நூறு கரண்டிகளும் ‘சுத்தம்’ என்பதன் பெண்பால் வடிவத்தையே கொள்கின்றன. அவற்றோடு ஒரேயொரு முள்கரண்டியை வைத்த கணமே மொத்தக் குவியலும் ஆண்பாலில் சுத்தமாகிவிடுகிறது.

6. முடிவும் பரிந்துரையும்

எந்தப் பெயரையும் தனியாக மனனம் செய்யலாகாது. ‘லா மானோ’, ‘எல் தீயா’ என்று முன்வரும் சொல்லோடு சேர்த்தே கற்க வேண்டும். மறந்தவருக்கும் ஒரு புகலிடம் உண்டு. பழைய நடுப்பால் ‘எஸ்தோ’, அதாவது ‘இது’, என்னும் சுட்டில் இன்னும் பிழைத்திருக்கிறது. பெயர் தெரியாத பொருளுக்குப் பால் இல்லை என்பதால், எதையும் சுட்டி ‘கே எஸ் எஸ்தோ?’, இது என்ன, என்று பிழையின்றிக் கேட்கலாம். பதில் வரும்போது அது பாலோடுதான் வரும்.