ஆறாவது மைல் பதில்கள்

கே: புலிகள் காப்பகம், புலிகள் காப்பகம் என்கிறார்கள். பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு புலியைக்கூடக் கண்டதில்லையே, அண்ணாச்சி?
*(மம்சாபுரம் வாசகர்)*

ப: புலி உங்களைப் பார்த்திருக்கும். பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போயிருக்கும்.

2022 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்குமே 306 புலிகள்தான். அதில் ஒன்று உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிய வேண்டும் என்பது பேராசை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் 51-வது, தமிழ்நாட்டில் 5-வது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு இடமும் புலி உலாவுவதற்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் வைகையின் நீர்ப்பிடிப்பு. இந்தப் பக்கம் அய்யனார் கோவில் ஆறு. அதுதான் ஆறாவது மைல் தேக்கத்துக்கு வந்து ராஜபாளையத்துக் குழாயில் இறங்குகிறது. புலிக்கு மான் வேண்டும், மானுக்குப் புல் வேண்டும், புல்லுக்கு நீர் தேங்கும் மண் வேண்டும். புலியைக் காப்பாற்றுகிறேன் என்று அரசு போடும் வேலி உங்கள் குடத்துக்கும் சேர்த்துத்தான்.

கே: சாம்பல் நிற அணிலுக்கு 1988-லேயே சரணாலயம் கிடைத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு இன்னும் வாறுகால் கிடைக்கவில்லை. நாங்கள் அணிலைவிடக் கேவலமா?
*(ராஜபாளையம் வாசகி)*

ப: அணில் ஒரு மனுகூடக் கொடுக்காமல் வாங்கிவிட்டது என்று உங்களுக்கு வயிற்றெரிச்சல். நியாயம்தான்.

ஆனால் அதன் பாடும் பெரும்பாடு. இந்தியாவின் தென்கோடியிலும் இலங்கையிலும் விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. செண்பகத்தோப்புப் பக்கம் போனால் மாமரத்திலும் புளியமரத்திலும் பார்க்கலாம். மரத்துக்கு மரம் தாவியே வாழும் பிராணி. கிளைகள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நாலு மரத்தை வெட்டிவிட்டால் தரையில் இறங்கியாக வேண்டும், இறங்கினால் நாய்க்கு இரையாகும். தரையில் இறங்கி நடக்கப் பயப்படுவதில் அணிலும் ராஜபாளையத்துக்காரரும் ஒன்றுதான். அணில் நாய்க்குப் பயப்படுகிறது, நீங்கள் பாதாளச் சாக்கடைக் குழிக்கு.

கே: அமெரிக்காவில் என் மகன் இருக்கும் ஊரில், கவுன்ட்டி நிர்வாகம் காட்டுக்கு இவ்வளவு, சுகாதாரத்துக்கு இவ்வளவு, ரோட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு அனுப்புகிறதாம். நம் மாவட்டத்தில் அப்படி உண்டா?
*(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஸ்ரீவில்லிபுத்தூர்)*

ப: சட்டத்தில் உண்டு சார். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவைப் படியுங்கள். திட்டம், வரவு, செலவு எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடவும் செய்கிறார்கள், சாலையோரப் பெயர்ப் பலகையில். மதிப்பீடு, ஒப்பந்தக்காரர், முடிக்க வேண்டிய தேதி. இதில் கடைசி வரி மட்டும் வெயிலில் சீக்கிரம் அழிந்துவிடும். என்ன பெயின்ட் என்று விசாரித்து வருகிறேன்.

பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தலைமை ஆசிரியராக இருந்தவர், வருகைப் பதிவேடு எடுத்த கை சும்மா இருக்கலாமா? மாதம் ஒரு மனு போடுங்கள்.

கே: புதிதாகப் போட்ட ரோட்டை ஏன் உடனே தோண்டுகிறார்கள்? தோண்டிவிட்டுப் போட்டால் என்ன?
*(ஆட்டோ ஓட்டுநர், ராஜபாளையம்)*

ப: இந்த வாரம் வந்ததில் இதுதான் எல்லோருக்குமான கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், மீட்டர் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ரோடு யாருடையது? ஊருக்கு நடுவே போகும் கொல்லம்–திருமங்கலம் சாலை தேசிய நெடுஞ்சாலை. அந்தக் காலத்து 208, இப்போது 744. அதிலிருந்து பிரியும் பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. உங்கள் தெரு நகராட்சிக்கு. நகராட்சி எல்லையைத் தாண்டியதும் ஊராட்சி ஒன்றியம். ரோட்டுக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி ஒப்பந்தம். நிதி யாருக்கு முதலில் வருகிறதோ அவர் முதலில் மண்வெட்டியை எடுப்பார். ஆழத்தில் போக வேண்டியது முதலில், மேலே வர வேண்டியது கடைசியில் என்ற கொத்தனார் அறிவு இந்தக் கணக்கில் வராது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள். ராஜபாளையம் ஒரு காலத்தில் மலைத் தண்ணீரை நம்பி இருந்த ஊர். ஊர் பெருத்தது, மில்கள் பெருகின, மழை தன் இஷ்டத்துக்கு வந்தது. ஆறாவது மைல் மட்டும் போதாது என்று தாமிரபரணியிலிருந்து தண்ணீர் கொண்டுவரத் திட்டம். தண்ணீர் வந்தால் கழிவும் வரும், அதற்குப் பாதாளச் சாக்கடை. இரண்டுக்கும் தெருத்தெருவாகப் பள்ளம். உங்கள் ஆட்டோவின் பின்சக்கரம் எந்தக் குழியில் இறங்குகிறதோ, அந்தக் குழியின் மறுமுனை மலையில் இருக்கிறது. காட்டைப் பற்றிப் பேசினால் 'எனக்கென்ன' என்று ஹாரன் அடிக்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

தோண்டியதில் எனக்குக் குறையில்லை. குழாய் இல்லாமல் தண்ணீர் வராது. பள்ளத்தை மூடும்போது மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். அதைச் செய்யாமல் குவித்து மேலே ஜல்லி தூவிவிட்டுப் போகிறார்களே, அங்கேதான் கோபம். முதல் மழையில் அது உட்காரும். உட்கார்ந்த பிறகு 'ஒட்டுப் போடும் பணி'க்கு இன்னொரு மதிப்பீடு. ஒரே பள்ளத்துக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறோம்.

கே: திருமங்கலம்–ராஜபாளையம் நான்கு வழிச்சாலை வந்தால் மதுரைக்கு எத்தனை நிமிடத்தில் போகலாம்?
*(தளவாய்புரம் வாசகர்)*

ப: திருமங்கலம் வரை எழுபது கிலோமீட்டர் சொச்சம் சீக்கிரம் போய்விடலாம். மிச்சம் பிடித்த நேரத்தை மதுரைக்குள் நுழைந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். அகலமான சாலையில் விபத்து நடந்தால் அது சின்ன விபத்தாக இருக்காது. 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. கேரளா போகும் லாரி டிரைவருக்கும் உண்டு. அடிபட்டவரைத் தூக்கிப்போக 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று யோசிக்கிறவர்கள் யோசிப்பதை நிறுத்தலாம்.

கே: டெங்கு வந்தால் நகராட்சி ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து, தொட்டியைப் பார்த்து என்னைத் திட்டுகிறார்கள். தண்ணீர் தினமும் வந்தால் நான் ஏன் தொட்டியில் பிடித்து வைக்கிறேன்?
*(இல்லத்தரசி, ராஜபாளையம்)*

ப: தாயே, பாதி வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைச் சீண்டாது. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும், உங்களுக்கு வேண்டிய அதே தண்ணீர். முட்டை பெரிய கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நல்ல தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் தொட்டி, டிரம், அண்டா என்று வீடு முழுக்க நிரப்பி வைக்காமல் என்ன செய்வீர்கள்? குழாய் ஒழுங்காக வந்தால் பாதிக் கொசு பட்டினியால் சாகும். அதிகாரிகள் கூட்டம் போடும்போது குடிநீர்ப் பொறியாளரையும் சுகாதார ஆய்வாளரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

மீதிப் பாதி வழக்கு உங்கள் மேல். அந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் ஒட்டுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைத்தால் முட்டை சுவரிலேயே பல மாதம் காத்திருக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடி இடைவெளி இல்லாமல் உட்காரட்டும், இல்லாவிட்டால் வேட்டித் துணி போட்டுக் கட்டுங்கள். புகை அடிக்கிறார்களே என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தொட்டிக்குள் நெளிகிறதை ஒன்றும் செய்யாது.

கே: ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலை வெளியிட்டார்கள். எங்கள் தெருநாய்களுக்கு?
*(சேத்தூர் வாசகர்)*

ப: தபால்காரரே அந்தத் தெருவுக்கு வருவதில்லையே, தலை எதற்கு?

கடித்துவிட்டால் மட்டும் விளையாட்டில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எல்லாம் அடுக்களையிலேயே இருக்கட்டும். உடனே அரசு மருத்துவமனை. முதல் நாள் ஊசி போட்டால் அதற்குப் பின் 3, 7, 28-வது நாள்களிலும் போட வேண்டும். முதல் ஊசி போட்டதும் தைரியம் வந்து மற்றதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

கே: பாம்பு கடித்தால் பாம்பையும் பிடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டுமாமே?
*(விவசாயி, வத்திராயிருப்பு)*

ப: எதற்கு, அதற்கும் சீட்டுப் போடவா? தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், கயிறு கட்டாமல், கீறாமல், மருத்துவமனைக்குப் போங்கள். 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த வட்டாரத்தில் மருந்து அதிகம் இருப்பு வேண்டும் என்பது இனி யூகமாக இருக்காது. நல்ல உத்தரவு, பாராட்டத் தயங்கவில்லை.

கே: மலையடிவாரத்தில் சப்பட்டை மாங்காய் நிற்கிறது. யானை இறங்கிவிட்டது. லைனிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்துவிடலாமா?
*(தோப்பு உரிமையாளர்)*

ப: பெயர் போடாமல் எழுதியதற்கு நன்றி, உங்கள் வக்கீலின் சார்பில்.

கூடாது. யானையும் சாகும், மறுநாள் காலை மாங்காய் பறிக்க வரும் கூலியாளும் சாவார், நீங்கள் சிறைக்குப் போவீர்கள். சூரிய மின்வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும், கொல்லாது. அதற்கும் 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும். மரம் முறிந்திருந்தால் அதே நாளில் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இழப்பீடு தாமதமாக வருகிறது, குறைவாக வருகிறது என்பது உங்கள் ஆதங்கம். அதில் நான் உங்கள் கட்சி. வருஷம் முழுக்கப் பார்த்த மரத்தின் பலனை ஒரே ராத்திரியில் இழந்தவனிடம் வன உயிர்ப் பாசத்தைப் பற்றி வகுப்பு எடுப்பதைவிட, பணத்தைச் சீக்கிரம் கொடுப்பது யானைக்கு நல்லது.

கே: காப்பகம் என்று சொல்லிப் பளியர்களைக் காட்டைவிட்டு வெளியேற்றுவார்களா?
*(கல்லூரி மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்)*

ப: அவர்கள் சம்மதம் இல்லாமல் முடியாது. 2006 வன உரிமைச் சட்டப்படி முதலில் உரிமையை அங்கீகரிக்க வேண்டும். தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் அந்த உரிமையில் அடங்கும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அது செண்பகத்தோப்புக்கும் அத்திகோயிலுக்கும் ஏறிப் போகத்தான் மூச்சு வாங்குகிறது.

கே: சதுரகிரிக்குப் போனால் பையைச் சோதிக்கிறார்கள். சாமி கும்பிடப் போகிறவனைச் சந்தேகப்படலாமா?
*(விருதுநகர் பக்தர்)*

ப: சாமியைக் கும்பிட வருகிறவரை யாரும் சந்தேகப்படவில்லை. அவர் கொண்டுவரும் பாலிதீனைத்தான். ஓடையில் திடீர் வெள்ளம் என்றால் இறங்காதே என்கிறபோதும் கேளுங்கள். 2015 மே மாதம் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டது மறந்துவிட்டதா?

கே: சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடு முழுக்கப் போகிறதாமே?
*(சமுசிகாபுரம் வாசகர்)*

ப: ஆமாம். நம் ரோட்டில் விழுகிறவர்களுக்கு உள்ளூரிலேயே கட்டுத்துணி.

கே: ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் மட்டும் ரத வீதி பளபளக்கிறது. மற்ற வீதிக்காரர்கள் என்ன பாவம் செய்தோம்?
*(ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்)*

ப: ஆண்டாள் உங்கள் தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வார்டுக்கு ஒரு தேர் கேட்டு மனுப் போட்டுப் பாருங்கள்.

கே: கிராம சபையில் கேட்டால் தீர்மானம் போடுகிறார்கள். பிறகு?
*(கிருஷ்ணன்கோவில் வாசகர்)*

ப: பிறகு அடுத்த கிராம சபை. வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவரையாவது டீக்கடையில் பிடிக்கலாம். எனவே தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து அதை மட்டும் வாசியுங்கள், வேறொன்றும் பேச வேண்டாம்.

கே: 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு அன்போடு ஒரு கிண்ணம் பால்கோவா நீட்டினேன். திட்டிவிட்டுப் போய்விட்டார். புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்கே இந்த மரியாதையா?
*(சர்க்கரை நோயாளி, ஸ்ரீவில்லிபுத்தூர்)*

ப: 2021-இலிருந்து சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையைச் சுமந்துகொண்டு படியேறி வருகிறவர்கள் அவர்கள். குற்றவாளி தன் கையாலேயே ஆதாரத்தை எடுத்து நீட்டினால் திட்டாமல் என்ன செய்வார்? அடுத்த மாதம் வரும்போது மோர் கொடுங்கள். பால்கோவாவை எனக்கு அனுப்பிவிடுங்கள், எனக்கு இன்னும் யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை.