ஜேசிபி அப்பா

மாலை ஆறரை மணிக்கு ஆற்காடு ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது கொஞ்சம் சுற்றிலும் பாருங்கள். ஹார்னை விடாமல் அழுத்துகிறவர், "வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு" என்று போனில் சொல்கிறவர், மெட்ரோக்காரர்களின் பரம்பரையை வாய்க்கு வந்தபடி விசாரிக்கிறவர் என்று எல்லா ரகமும் இருக்கும். நடுவில் ஒருவர் மட்டும் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஏறி நின்று, தடுப்புத் தகரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, முகமெல்லாம் பல்லாக வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். பின்னால் நிற்கிறவர் "யோவ், வழி விடுய்யா!" என்று கத்துவார். "ஒரு நிமிஷம் சார், இப்பத்தான் பக்கெட்டை இறக்கறான்" என்று பதில் வரும்.

இவர்தான் ஜேசிபி அப்பா.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். ஊரில் முக்கால்வாசிப் பேர் அதை நினைத்தாலே முதுகைத் தடவிக்கொள்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நீளமாகப் போட்டிருக்கலாமே என்று நினைக்கிற ஒரே பிரஜை இவர். எந்தத் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுகிறார்கள், எந்த முனையில் குடிநீர்க் குழாய் உடைந்து பள்ளம் பறித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் வார்டு கவுன்சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், இவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்குப் போகிறார்கள். இவர் பள்ளத்துக்குப் போகிறார்.

போகச் சொல்வது மேஸ்திரி. மேஸ்திரிக்கு வயது இரண்டரை.

மேஸ்திரியின் கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் ஜேசிபி இருக்கும். அது அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி. மாங்காடு கோயில் வாசலில் பேரனின் அழுகையை நிறுத்த மாமனார் வாங்கிக் கொடுத்தது என்பது கணவர் தரப்பு. ஏதோ பிறந்தநாள் விழாவில் கொடுத்த ரிட்டர்ன் கிஃப்ட், அதுவும் கணவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டு விழா என்பது மனைவி தரப்பு. விலை நூற்றைம்பது ரூபாயைத் தாண்டாது. அமெரிக்காவிலிருந்து அத்தை சுமந்து வந்த, மூளையை வளர்க்கிற மரப் பொம்மையும் அதே வீட்டில்தான் இருக்கிறது. மரத்துண்டுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. அந்த அட்டைப்பெட்டி மட்டும் ஜேசிபிக்கு ஷெட்டாக நிற்கிறது. மூளை அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

காலையில் கண் விழித்ததும் மேஸ்திரி கேட்பது "டேத்திபி?" குளியலறையில் ஜேசிபிக்கு முதலில் குளியல். சாப்பாட்டு நேரத்தில் பருப்புச் சாதத்தைப் பிசைந்து முன்பக்கப் பக்கெட்டில் வைக்க வேண்டும். அப்பா "டுர்ர்ர்" என்று ரிவர்ஸ் எடுத்து, "பீப், பீப்" என்று சத்தம் கொடுத்து, வாய்க்கு நேரே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ரிவர்ஸ் சத்தம் விட்டுப்போனால் வாய் திறக்காது. பிள்ளை சாப்பிட்டால் போதும் என்று ஒரு நாள் ஆரம்பித்தது, இப்போது ரசம் சாதத்தையும் பக்கெட்டில் அள்ளச் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது.

இதன் பின்விளைவை இரவு பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வீடு தூங்கிவிட்டது. சமையலறைத் தொட்டியருகே ஜேசிபி அப்பா குனிந்து நிற்கிறார். பக்கெட்டும் கையும் சேருகிற மூட்டில் நெய்யும் பருப்பும் இறுகிக் கிடக்கின்றன. பழைய டூத்பிரஷ் உள்ளே நுழையவில்லை. ஊக்கை நிமிர்த்தி நெண்டுகிறார். வெந்நீரில் அலசி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து, சத்தம் கேட்டு மேஸ்திரி எழுந்துவிடக் கூடாதே என்று துண்டுக்குள் பொதிந்து காய வைக்கிறார். விட்டுவிட்டால் காலையில் எறும்பு. எறும்பைத் தட்டினாலும் பிரச்சினைதான். எறும்புகள் மேஸ்திரியின் ஆட்கள், ஜேசிபியில் வேலைக்கு வந்தவர்கள்.

இவருடைய சட்டைப் பையில் பேனா இல்லாமல் போகலாம், சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் போகாது. ஜேசிபிக்கு வயிற்றில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் விளக்கு எரிந்து, எந்த மொழி என்று இன்னும் பிடிபடாத ஒரு பாட்டு வரும். பிள்ளைகள் திறந்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் செல் போடும் மூடியை ஸ்க்ரூ வைத்து இறுக்குகிறார்கள். அந்தப் பாதுகாப்பு அம்சத்தை நம் ஆள் தற்காப்புக்குப் பயன்படுத்தினார். ஒரு ராத்திரி செல்லைக் கழற்றி ஒளித்துவிட்டு, காலையில் "அச்சச்சோ, ஜேசிபிக்குத் தொண்டை கட்டிடுச்சு" என்றார். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. டீப்பாயிலிருந்து டிவி ரிமோட்டை எடுத்து வந்து, குப்புறத் திருப்பி, செல் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டினான். இதற்கு மேல் என்ன வாதம் செய்ய முடியும்?

வெளியுலகிலும் ஜேசிபி அப்பாவின் நிலைமை கொஞ்சம் சிக்கல்தான். உறவினர் கல்யாண ரிசப்ஷனில் மணமக்கள் பக்கத்தில் குடும்பமாக நின்று எடுத்த போட்டோவில், மணமகளின் தோளுக்கு மேலே ஒரு மஞ்சள் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. திருத்தணியில் மொட்டை அடித்தபோது மேஸ்திரி அழவே இல்லை, பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். முதலில் ஜேசிபிக்கு மொட்டை அடிப்பதாக நாவிதர் சும்மா கத்தியைக் காட்டியது அவர்களுக்குத் தெரியாது. ஆயுத பூஜையன்று நடந்ததுதான் பெரிய கூத்து. ஸ்கூட்டருக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஜேசிபியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்ததால் வண்டி ஏறவில்லை. அழுகை. கடைசியில் பாட்டி ஒரு திராட்சைப் பழத்தை வைத்து ஏற்றிக் காட்டினாள். அந்தக் குங்குமத்தை அன்றிரவு வழக்கம்போல அப்பா கழுவித் தொலைத்துவிட, மறுநாள் காலை "பொட்டு எங்கே?" என்று தொடங்கியது மத்தியானம் வரைக்கும் ஓயவில்லை. பூஜையறைக் குங்குமச் சிமிழ் இப்போது ஜேசிபியின் பராமரிப்புச் சாமான்களில் ஒன்று.

இந்த மனிதர் படித்தவர். எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் சுபாவம். பிள்ளைக்கு ஏதும் கோளாறோ என்று பயந்து ராத்திரி இரண்டு மணி வரை போனைத் தடவியதில், ஜூடி டெலோச் என்ற அமெரிக்க உளவியலாளர் குழுவின் 2007-ம் வருட ஆய்வு ஒன்று கிடைத்தது. சின்னக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இப்படி ஏதாவது ஒன்றின் மேல் தீராத மோகம் உண்டு. ஆண் பிள்ளைகளிடம் அதிகம். அவர்களில் நிறையப் பேருக்கு அது வண்டி வாகனம். சந்தோஷம் தாங்காமல் மனைவியை எழுப்பிச் சொன்னார். "மூணுல ஒண்ணு நம்ம வீட்லதான் வந்து பொறக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் சொன்னார். "நீ இந்த வயசுல இட்லிப் பானை மூடியத் தூக்கிக்கிட்டு ஸ்டீயரிங்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சே. தூக்கத்துல பிடுங்கினாக்கூட தெருவே கூடும். வீட்ல ஆறு மாசம் தட்டைக் கவுத்து வச்சுத்தான் இட்லி அவிச்சேன். அதை எவன் ஆராய்ச்சி பண்ணினான்?" என்றாள் அந்த அம்மா.

எனக்கு இவர்மேல் உண்மையான இரக்கம் வந்தது இரண்டாவது ஜேசிபி விவகாரத்தில்தான். முதல் ஜேசிபியை ஒருமுறை ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டு வந்து, ஸ்டாண்டு ஸ்டாண்டாக ஓடி மீட்டெடுத்த பிறகு, இனி ஆகாது என்று அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். அதே மஞ்சள், அதே பட்டன், அதே பாட்டு. மேஸ்திரி வாங்கி, முகர்ந்து பார்த்து, "இது டேத்திபி இல்ல" என்று தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்பா விடவில்லை. மொட்டைமாடித் தரையில் தேய்த்துப் பெயின்ட்டை உரித்தார். ஸ்டிக்கரைப் பாதி கிழித்தார். இடது பக்கச் சக்கரத்தில் பழையதில் இருக்கிற மாதிரியே பல் பட்ட தடம் வேண்டும் என்று தானே கடித்தார். எதிர் வீட்டு மாமி துணி எடுக்க வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, அடுத்த இரண்டு வாரம் லிஃப்டில் இவரோடு ஏறவில்லை. இத்தனைக்கும் பிறகு கொடுத்தபோது மேஸ்திரி அப்பாவைப் பார்த்த பார்வை, கள்ள நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் வங்கிக் காசாளரின் பார்வை.

இதிலும் விஞ்ஞானம் மேஸ்திரி கட்சிதான். புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், எதையும் அப்படியே நகல் எடுத்துத் தருவதாகச் சொல்லி, ஒரு போலி இயந்திரத்தைக் குழந்தைகள் முன்னால் வைத்தார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டே தூங்கும் சொந்தப் பொம்மையை வைத்திருந்த பிள்ளைகளில் சிலர் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. வைத்தவர்களிலும் பெரும்பாலோர் அசலைத்தான் திருப்பிக் கேட்டார்கள். நாமும் பாட்டனார் கைக்கடிகாரத்தை நின்றுபோனாலும் தூக்கிப் போடுவதில்லையே. அந்த இரண்டாவது ஜேசிபி இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. பாட்டு மட்டும் சில நாள் நடுராத்திரியில் தானாகவே பாடுகிறது.

இதற்கெல்லாம் நடுவில் இன்னொன்று நடந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை, நாங்கள் கவனித்தோம். ஆபீஸில் டீ குடிக்கிற இடத்தில் பேச்சு கிரிக்கெட்டோ சம்பள உயர்வோ எதில் தொடங்கினாலும், இவர் ஐந்து நிமிஷத்தில் ஸ்டாஃபர்ட்ஷயருக்குக் கொண்டுபோய்விடுவார். "ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் சார், அதான் ஜே.சி.பி. 1945-ல உட்டாக்ஸிட்டர்னு ஒரு ஊர்ல, சின்ன வாடகை கராஜ். யுத்தத்துல மிஞ்சின சாமானை வெல்டிங் வச்சு ஒரு டிரெய்லர் பண்ணி 45 பவுண்டுக்கு வித்தார். அவருக்குப் பையன் பொறந்த அன்னிக்குத்தான் கம்பெனியே ஆரம்பிச்சாராம்!" இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். 1979-ல் இந்தியாவுக்கு வந்தது, ஹரியானாவில் பல்லப்கரில் தொழிற்சாலை என்று தொடர்வதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு நகர்ந்திருப்பார்கள்.

பேப்பரில் "பொக்லைன் இயந்திரம் மூலம் ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று படம் போட்டிருந்தால் இவருக்கு ஆக்கிரமிப்பு யாருடையது என்பது முக்கியமில்லை. "டயர் இருந்தா ஜேசிபி, செயின் இருந்தா ஹிட்டாச்சி. இது ஹிட்டாச்சி" என்று முணுமுணுப்பார். மணிக்கு என்ன வாடகை, டிரைவர் பேட்டா தனியா, பிரேக்கர் மாட்டினால் எவ்வளவு கூடும் என்பதெல்லாம் விரல்நுனியில். இவருக்கு ஊரில் அரை கிரவுண்டு நிலம்கூடக் கிடையாது.

போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் பக்கத்துக் காலி மனையில் அஸ்திவாரம் பறிக்க நிஜமான ஜேசிபி ஒன்று வந்து நின்றது. ஏழு டன்னுக்கு மேல் எடை. ஜேசிபி அப்பா ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொன்னார். மேஸ்திரிக்குப் புதுச் சட்டை போட்டு, தூக்கிக்கொண்டு, மனைவி வீடியோ எடுக்கத் தயாராகப் பின்னால் வர, ஆபரேட்டரிடம் போனார். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பையன், காதில் இயர்போன்.

"தம்பி, கொழந்தைக்கு ஜேசிபின்னா உசுரு. ஒரே ஒரு நிமிஷம் உள்ள உட்காரட்டுமே."

"அதுக்கென்ன சார், குடுங்க."

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தான். தன் வீட்டு ஜேசிபியைப் பார்த்தான். மறுபடி அண்ணாந்தான். அடுத்த நொடி, தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை கேட்கும்படி ஒரு வீறிடல். "பெரிசு வேணாம்! வீட்டுக்குப் போலாம்!" அப்பாவின் கழுத்தை நெரித்த கையைப் பிரித்தெடுத்து அம்மாவிடம் சேர்ப்பதற்குள் புதுச் சட்டையின் பட்டன் ஒன்று போயிற்று.

வந்த வேலை முடிந்தது என்று எல்லாரும் திரும்பியிருக்க வேண்டும். ஜேசிபி அப்பா மட்டும் நின்றார். திறந்திருந்த கேபின் கதவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, பின்பக்கம் தோண்டறப்ப சீட்டையே திருப்பிப் போட்டுக்கலாமாமே?"

"ஆமா சார். ஏறிப் பாக்கறீங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் மேலே இருந்தார். சீட்டைத் திருப்பி உட்கார்ந்தார். மறுபடி முன்னால் திருப்பினார். இந்த லீவர் எதுக்கு, அந்த லீவர் எதுக்கு, காலை ஊன்றாமல் தோண்டினால் வண்டி ஆடுமா என்று ஆரம்பித்தார். ஆபரேட்டர் பக்கவாட்டில் தொங்கியபடி பின்பக்கக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். மண் அள்ளக் காத்திருந்த லாரிக்காரர் ஒரு பீடி குடித்து முடித்து இன்னொன்றைப் பற்ற வைத்தார். மேஸ்திரி அழுகையை நிறுத்திவிட்டு, செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து, தன் ஜேசிபியால் மணலைச் சுரண்டத் தொடங்கியிருந்தான்.

"சார், லாரி வெயிட்டிங்" என்றான் ஆபரேட்டர்.

"ஒரே ஒரு பக்கெட் தம்பி. நானே அள்ளிக் கொட்டிடறேன்."

கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னங்க, அவனே விளையாட ஆரம்பிச்சுட்டான். நீங்க எறங்கறீங்களா, இல்ல உங்கம்மாவக் கூப்பிடட்டுமா?"