மூவாயிரம் அடி தோட்டா

கேள்வி: காட்டுப்பன்றி தோட்டத்தை உழுதுவிட்டுப் போகிறது. நொடிக்கு 3,000 அடி பாயும் என்று விளம்பரப்படுத்தும் தோட்டாவை நம்பலாமா?
(வாசகர், செட்டியார்பட்டி)

பதில்: கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளத்தை நம்புகிற அளவுக்கு நம்பலாம்! அந்த வேகம் கம்பெனியின் சோதனைக் குழலில், பெரும்பாலும் 24 அங்குல நீளத்தில், அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் நூறு அடிகூடக் குறையலாம். ஏர்கன் விளம்பரம் இன்னும் மோசம்: எடை குறைந்த குண்டைப் போட்டு வேகம் காட்டிவிட்டு, கனமான ஈயக் குண்டை நம் தலையில் கட்டுவார்கள்.

அதுசரி, வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றியைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு தந்த அனுமதியிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடப்போவது வனத்துறைதான். உங்கள் ஊருக்கு மேற்கே மலையில் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கே பன்றி வேட்டைக்கு லைசென்ஸ், கோடு போட்ட சட்டைக்காரருக்கு மட்டும்!